லேசர் இணைவில் குளிர்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாதவா,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு ஆராய்ச்சிப் படிப்பில் இடம் கிடைத்ததைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. முழங்கால் வலி குறைந்ததும் நல்ல சேதிதான், ஆனால் அதற்காகப் பயிற்சியை நிறுத்திவிடாதே.

லேசர் இணைவுக்குக் கோடிக்கணக்கான டிகிரி வெப்பம் வேண்டும் என்கிறார்களே, பிறகு எரிபொருளை எதற்கு உறைய வைக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். கொஞ்ச நாளாக நான் படித்துக்கொண்டிருப்பதும் இதைத்தான். அதனால் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

லேசரின் ஆற்றலால் ஒரு சிறு எரிபொருள் உருண்டையை அழுத்திச் சூடாக்கி, அதிலுள்ள லேசான அணுக்கருக்களை ஒன்றோடொன்று இணையவைத்து ஆற்றல் பெறுவதுதானே லேசர் இணைவு. சூடாக இருக்கும் வாயுவை அழுத்தப் போனால் அது எதிர்த்துத் தள்ளும். குளிர்ந்து அடர்ந்த பொருளைக் குறைந்த ஆற்றலில் அதிகமாக நெருக்கலாம். அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் உள்ள நேஷனல் இக்னிஷன் ஃபெசிலிட்டி என்ற லேசர் நிலையத்தில் 2022 டிசம்பர் 5 அன்று 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலைச் செலுத்தி 3.15 மெகாஜூல் இணைவு ஆற்றல் பெற்றார்களே, அந்த எரிபொருள் உருண்டை இரண்டு மில்லிமீட்டர் அளவுதான். வைரத்தால் ஆன ஓடு, அதன் உட்சுவரில் மெல்லிய படலமாக உறைந்த டியூட்டீரியமும் டிரிட்டியமும். இரண்டும் ஹைட்ரஜனின் கனமான வகைகள். இந்தக் கலவை உருகுவது சுமார் 19.8 கெல்வினில், அதாவது ஏறக்குறைய மைனஸ் 253 டிகிரி செல்சியஸில். உறைந்த இந்த எரிபொருள் பனியை அதற்கு ஒன்றிரண்டு கெல்வின் கீழேதான் வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பனி எல்லாப் பக்கமும் ஒரே தடிமனாக, வழவழப்பாக இருக்க வேண்டும். சின்ன மேடுபள்ளம்கூட உருண்டை சுருங்கும்போது பெருகி வளர்ந்து, நடுவில் உருவாகும் சூட்டைக் கெடுத்துவிடும். ஆனால் திரவமாக உள்ளே போன எரிபொருள் தானாக அடியில்தானே தேங்கும்? மூடிய ஓட்டுக்குள் யார் கையை விட்டுப் பூசுவது?

பதில் டிரிட்டியத்துக்குள்ளேயே இருக்கிறது. அது கதிரியக்கப் பொருள், அரை ஆயுள் 12.3 ஆண்டு. சிதையும்போது வெளிவரும் பீட்டா துகள் (வேகமான எலக்ட்ரான்) பனிக்குள்ளேயே அடங்கி, கன சென்டிமீட்டருக்குச் சுமார் 50 மில்லிவாட் வெப்பம் தருகிறது. படலம் தடித்த இடத்தில் உள்பரப்பு கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும். அங்கே பனி ஆவியாகி, மெல்லிய, குளிர்ந்த இடத்தில் போய்ப் படியும். இப்படியே தானாகச் சமமாகிவிடும். 1988-இல் லாஸ் அலமோஸில் ஹோஃபரும் ஃபோர்மனும் திட டிரிட்டியத்தில் இதைச் செய்து காட்டினார்கள். டியூட்டீரியம்-டிரிட்டியம் கலவையில் ஒவ்வொரு அரை மணிக்கும் ஏற்றத்தாழ்வு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடுமாம். இயற்கை இவ்வளவு தயவாக நடந்துகொள்ளும் இடம் இந்தத் துறையில் வேறெங்கும் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் பனி சமமாவது ஓட்டின் வெப்பநிலையைப் பின்பற்றித்தான். ஓட்டில் எங்கே குளிர் அதிகமோ அங்கே பனி தடிக்கும். உருண்டை இருப்பது ஹோல்ராம் என்ற சிறு உலோக உருளைக்குள், சுற்றிலும் ஹீலியம் வாயு. உருளையின் சுவர் உருண்டையின் இடுப்புக்கு நெருக்கமாகவும் மேல்கீழ் முனைகளுக்குத் தொலைவாகவும் இருப்பதால் இடுப்பில் குளிர் கூடிவிடும். உருளைக்குள் உருண்டையை வைத்ததன் விலை இது. அதனால் உருளையின் நடுப்பகுதியைச் சற்றே சூடாக்குகிறார்கள். ஹீலியம் மேலெழுந்து சுழல்வதால் மேலுக்கும் கீழுக்கும் வரும் வேறுபாட்டைத் தனியாகச் சரிக்கட்ட வேண்டும். எல்லாமே மில்லிகெல்வின், அதாவது கெல்வினில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. அப்புறம், நல்ல படலம் வேண்டுமென்றால் ஒரே ஒரு விதைப் படிகத்தை மட்டும் விட்டுவிட்டு மீதியை உருக்கி, மணிக்கணக்கில் மெதுவாகக் குளிர்விக்க வேண்டும். எக்ஸ்ரே படத்தில் பிளவோ வரியோ தெரிந்தால் மறுபடியும் உருக்கித் தொடங்குவதுதான்.

இத்தனையும் முடிந்து, லேசர் சுடுவதற்குச் சில நொடிகளுக்கு முன், உருளையைச் சுற்றி மூடியிருக்கும் குளிர்க்கவசம் திறக்கிறது. அந்தக் கணத்திலிருந்து அறை வெப்பநிலையில் உள்ள சுவர்களின் அகச்சிவப்புக் கதிர், லேசர் நுழையும் துளைகள் வழியாக உள்ளே விழத் தொடங்கும். அந்தச் சில நொடிகளை நினைத்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

மின்நிலையம் என்று வந்தால் நிலைமை இன்னும் கடினம். நொடிக்குப் பல உருண்டைகளைச் சூடான அறைக்குள் எறிந்து, பறக்கும்போதே சுட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மணிக்கணக்கில் உட்கார்ந்து பனி வளர்க்க முடியாது. லேசரை எப்படியும் மேம்படுத்திவிடுவார்கள். இந்தக் குளிரைக் காப்பதில்தான் அதிக உழைப்பு காத்திருக்கிறது என்பது என் எண்ணம்.

நீ வருஷக்கணக்காக வெப்பப் பரிமாற்றம் சொல்லிக்கொடுத்தவன். ஹோல்ராமில் ஹீலியத்தின் அடர்த்தியைக் கூட்டினால் அந்தச் சுழற்சி எவ்வளவு வலுக்கும் என்று ஒரு கணக்குப் போட்டு எழுதேன். நான் போட்டதையும் அடுத்த கடிதத்தில் அனுப்புகிறேன், ஒப்பிட்டுப் பார்ப்போம். மகளுக்கு என் ஆசிகளைச் சொல்.

அன்புடன்,
ராகவன்