ஜெருசலேமிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

நான் நலம். போன வாரம் போனில், "யூதர்னா இயேசுவைக் கும்பிடுறவங்கதானே?" என்று கேட்டாய். இல்லை அக்கா. இயேசு யூதராகப் பிறந்தவர்தான், ஆனால் இவர்கள் அவரைக் கடவுளாகவோ, கடவுள் அனுப்புவதாகச் சொன்ன மீட்பரான மேசியாவாகவோ ஏற்பதில்லை. கடவுள் ஒருவர், அவருக்கு உருவம் கிடையாது. நான் பார்த்துக்கொள்ளும் பாட்டி வீட்டில் ஒரு சாமி படம்கூட இல்லை. வாசல் நிலையில் மட்டும் விரல் நீளத்துக்கு ஒரு சின்னக் கூடு, அதற்குள் "இஸ்ரவேலே கேள், கர்த்தர் ஒருவரே" என்கிற வசனத்தைப் பதப்படுத்திய தோலில் கையால் எழுதிச் சுருட்டி வைத்திருக்கிறார்கள், மெசுசா என்று பெயர். வரும்போதும் போகும்போதும் பாட்டி அதைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொள்வார்.

சட்டதிட்டம் முக்கால்வாசி அடுப்படியில்தான். பாலும் கறியும் சேரவே கூடாது, அதனால் பாத்திரம் இரண்டு செட், கழுவும் தொட்டியும் இரண்டு. கறி சாப்பிட்டால் ஆறு மணி நேரத்துக்குப் பால் டீ கிடையாது. தோராவில், அதாவது மோசேயின் ஐந்து புத்தகங்களில், குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே என்று இருப்பதுதான் இதற்கெல்லாம் ஆதாரம். செதிலும் துடுப்பும் உள்ள மீன்தான் வீட்டுக்குள் வரும், இறாலும் நண்டும் போச்சு. தூத்துக்குடிக்காரிக்கு இது அநியாயம்!

வெள்ளி சாயங்காலம் சூரியன் மறைய 40 நிமிடம் இருக்கும்போது ஊருக்கே கேட்கிற மாதிரி சங்கு ஊதும். பாட்டி இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி, கண்ணைக் கைகளால் மூடிக்கொண்டு ஜெபம் சொல்வார். அப்புறம் சனிக்கிழமை இருட்டி நட்சத்திரம் தெரியும்வரை ஷபாத், அதாவது ஓய்வு நாள். கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தாராம், அதனால் தீ மூட்டக் கூடாது, ஸ்விட்சைத் தொடக் கூடாது, முன்னாடியே ஆக்கிய சாப்பாடு சூட்டுத் தட்டில் ராத்திரி முழுக்க இருக்கும். யூதரல்லாத என்னிடமும் லைட்டைப் போடு என்று நேராகச் சொல்ல மாட்டார். "இங்கே ஒரே இருட்டா இருக்கே" என்பார், நான் எழுந்து போடுவேன். சரி, நெஞ்சுவலி வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். உடனே ஆம்புலன்சைக் கூப்பிடு, உயிர் போகும்போது ஷபாத் பார்க்கக் கூடாது என்று அதை மட்டும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

அடுத்து பஸ்கா வருகிறது. எகிப்தில் அடிமையாக இருந்தவர்களை மோசே மீட்டுக்கொண்டு வந்த நினைவு. ஏழு நாளும் புளித்த மாவுப் பண்டம் துகள்கூட வீட்டில் இருக்கக் கூடாது, அலமாரி, பை, கோட்டுப் பாக்கெட் எல்லாம் துடைக்கணும், யார் துடைப்பது என்று உனக்கே தெரியும். தம்பி பீஸுக்கு ஞாயிறு பணம் போடுகிறேன், இங்கே அன்று வேலை நாள்தான்.

அன்புடன்,
உன் தங்கை