பழைய ஜீப்புக்கு எந்த கியர் ஆயில்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

பழைய வாகன கண்காட்சி பத்தி நீங்க போட்ட செய்தி பார்த்தேன், ரொம்ப சந்தோஷம், ஆனா அந்த மாதிரி வண்டி வச்சிருக்கறவங்களுக்கு கியர் ஆயில் பத்தி ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். எங்கிட்ட இரண்டாம் உலகப்போர் கால வில்லிஸ் ஜீப் இருக்கு. நல்லா தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தரே "ஜிஎல்-5 தான் உசத்தி"னு ஊத்திட்டார் (ஜிஎல்-1, 4, 5ங்கறதெல்லாம் கியர் ஆயிலோட தர வகை). கொஞ்ச நாள் கழிச்சு ஆயிலை வடிக்கற ட்ரெயின் பிளக்கை கழட்டினா ஆயில்ல தங்கப்பொடி தூவின மாதிரி மினுமினுப்பு, மனசே உடைஞ்சு போச்சு. இந்த ஜீப்ல இருக்கற டி-84ங்கற கியர்பாக்ஸ்ல சிங்க்ரோ ரிங் (கியர் மாத்தறப்போ உரசிப் பிடிச்சு ரெண்டு பக்க வேகத்தையும் சமமாக்கற வளையம்) வெண்கலம், ஜிஎல்-5ல அதிகமா இருக்கற கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் வெண்கலத்தை அரிக்கும், வழுக்கலும் அதிகம்ங்கறதால சிங்க்ரோ பிடிக்காம 2லிருந்து 3க்கு மாத்தறப்போ கரகரன்னு சத்தம் வரும். இதுக்கு சாதாரண மினரல் 90 நம்பர், ஜிஎல்-1 இல்லன்னா ஜிஎல்-4 போதும். 90னு பார்த்து ரொம்ப கெட்டினு பயப்பட வேணாம், கியர் ஆயில் அளவு வேற, அது 40, 50 நம்பர் இன்ஜின் ஆயில் கெட்டிதான்.

கியர்பாக்ஸுக்கு முக்கால் லிட்டர்கூட வராது, பக்கத்துல இருக்கற டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இழுவையை பிரிச்சு அனுப்பற பெட்டி) 1.4 லிட்டர். ரெண்டுக்கும் நடுவுல ஆயில் போய் வரும், அதனால ரெண்டுலயும் ஒரே ஆயில்தான் ஊத்தணும். அச்சுல சக்கரங்களுக்கு இழுவையை பிரிக்கற டிஃபரன்ஷியல்ல இருக்கறது ஹைபாய்டு கியர், அதாவது பல்லுங்க ஒண்ணு மேல ஒண்ணு அழுத்தி வழுக்கற வகை, அதுக்கு ஜிஎல்-5 தாராளமா ஊத்தலாம்.

இப்படிக்கு,
ஜீப் வச்சிருக்கற ஒரு வாசகர், கோயம்புத்தூர்