டீசர்ட்ட வீட்லயே போட்ருவோம் மாப்ள

டேய் மாப்ள,

நல்லாருக்கியா, வீட்ல எல்லாரும் சொகமா? இங்க அம்மாவுக்கு முட்டி வலி இப்ப தேவல, கீழ உக்காந்து பூ கட்டுற அளவுக்கு ஆயிருச்சு. சின்னவ பத்தாவது, அதனால வீட்ல டிவிக்கு லீவு.

நம்ம பேட்ச் சந்திப்புக்கு டீசர்ட்ல டிசைன் எப்படிப் போடுறதுன்னு நீ கேட்ட விஷயத்துக்கு வரேன். ஸ்க்ரீன் பிரிண்டிங்ல கொஞ்ச பீஸ்னா கட்டுபடியாகாதுடா, ஒவ்வொரு கலருக்கும் தனி ஸ்க்ரீன், அதான் மை இறங்குற வலைச்சட்டம், போடணும், நம்ம பேட்ச்ல வரப்போறதே பத்துப் பன்னெண்டு பேரு, அதுலயும் ஒவ்வொருத்தன் முதுகுலயும் அவனவன் பட்டப்பேரு வேணும்ங்கிற, எவன் செஞ்சு குடுப்பான்? இதுக்கு ட்ரான்ஸ்ஃபர் பேப்பர்தான் சரி, நம்மளே பிரிண்ட் எடுத்து அயர்ன் பாக்ஸ வச்சு ஒட்டிக்கலாம்.

ஆனா கறுப்பு டீசர்ட் கெத்துங்கிறத மறந்துரு. வீட்டுப் பிரிண்டர்ல வெள்ளை இங்க்கே கிடையாது, வெள்ளையா தெரியுறதெல்லாம் துணியோட கலர்தான். கறுப்புக்குன்னு டார்க் பேப்பர் தனியா விக்கிறான், அதுல அடியில ஒரு வெள்ளை லேயர் இருக்கும், போட்டா நெஞ்சுல அட்டைய ஒட்டுன மாதிரி இருக்கும், மதுரை மே மாச வெயில்ல அதைப் போட்டுட்டு மண்டபத்துல நிக்க முடியுமாடா? வெள்ளை காட்டன், துணி கனம் 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 180 கிராம்), திருப்பூர் சரக்கு, அது போதும். வாங்குனதும் ஒருதடவ அலசிக் காயப்போட்ரணும், கம்ஃபர்ட் கிம்ஃபர்ட் ஊத்தக்கூடாது, அது இருந்தா சரியா பிடிக்காது.

பிரிண்ட் எங்க வீட்டு இங்க்ஜெட்லயே எடுத்துரலாம். உங்க ஆபிஸ் லேசர் பிரிண்டர்ல மட்டும் இந்தப் பேப்பர விட்றாத, உள்ள இருக்கிற சூட்டுல கோட்டிங் உருகி ரோலர்ல ஒட்டிக்கும். டிசைன படமா சேவ் பண்ணி அனுப்பு, ஃபாண்ட் மாறுனா கொம்பு ஒரு பக்கம் காலு ஒரு பக்கம்னு நம்ம எழுத்து நொண்டும். வெள்ளைத் துணிக்குன்னு வர்ற லைட் பேப்பருக்கு கண்ணாடில தெரியுற மாதிரி திருப்பிப் பிரிண்ட் எடுக்கணும், அத நான் பாத்துக்கறேன். வெட்டும்போது மூலைய வளைச்சு வெட்டணும், கூர் மூலைதான் முதல்ல உரியும்.

இதுல மெயின் வேலையே தேய்க்கிறதுதான். கரண்டு அயர்ன் பாக்ஸ்ல ஸ்டீம் ஓட்டை இருக்குல்ல, அந்த எடத்துல சூடு படாது, அதனால தண்ணிய கொட்டிட்டு ஸ்டீம ஆஃப் பண்ணி, நகத்தி நகத்தி மேல சாஞ்சு அமுக்கணும். மெத்தை வச்ச அயர்ன் டேபிள் வேண்டாம், அழுத்தம் உள்ள போயிரும், கடப்பா கல்லும் சூட்ட இழுத்துரும், பலகை மேல ஒரு தலகாணி உறை விரிச்சா போதும். முதல்ல துணிய மட்டும் தேச்சு ஈரத்த எடுத்துட்டு அப்புறம் பேப்பர வைக்கணும். எங்க தெரு முக்குல தள்ளுவண்டி அண்ணன் இன்னும் கரிப்பெட்டிதான் வச்சிருக்காரு, பித்தளை, அடில ஓட்டையே இல்ல, தூக்குனா கையே கழண்டுரும், அந்த வெயிட்டுக்கு நம்ம அமுக்கவே வேண்டாம். சூடு மட்டும் கூடிரும், பழைய துணில ஒருதடவ பாத்துட்டு வைக்கணும், அவருகிட்ட சொல்லி வச்சிருக்கேன்.

சூட்டோட உரிக்கிறதா ஆறவிட்டு உரிக்கிறதாங்கிறது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கவர்ல போட்டிருப்பான். ஒட்டுன மறுநாளே துவைக்காதீங்கடானு பயலுககிட்ட சொல்லிரு, அதுக்கப்புறமும் உள்பக்கம் வெளிய திருப்பிப் போட்டு பச்சைத்தண்ணிலதான் அலசணும், படத்து மேல நேரா அயர்ன் பாக்ஸ வச்சா அதுலயே ஒட்டிக்கிட்டு வந்துரும். எப்படிப் பாத்தாலும் கொஞ்ச நாள்ல படம் வெடிப்பு விடத்தான் செய்யும்டா, ஒருநாள் கூத்துக்கு இது போதாதா?

சைஸ் லிஸ்ட்ட இந்த வாரத்துக்குள்ள அனுப்பு. சேகர் சைஸ அவன்கிட்ட கேக்காத, இன்னும் மீடியம்னுதான் சொல்லுவான், தங்கச்சிகிட்ட கேளு.

அன்புடன்,
முருகன்