கருப்பட்டிக் காப்பி

தூத்துக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. பேத்தியின் திருமணம் நல்லபடியாக நடந்தேறியதில் எங்கள் வீட்டில் அனைவருக்கும் மகிழ்ச்சி. ஓய்வு பெற்ற கையோடு கோயிலில் ஏதோ சபையில் சேர்ந்துவிட்டேனாமே, செபம் சொல்வதைத் தவிர அங்கே என்ன வேலை என்று கேலியாகக் கேட்டிருந்தீர்கள்.

அது ஏழைகளை வீடு தேடிப் போய்ப் பார்த்து உதவும் கத்தோலிக்க அமைப்பான வின்சென்ட் தே பவுல் சபை. பெயர்தான் பழைய புனிதருடையது. தொடங்கியவர் பிரடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவர். பாரிஸ் நகரைக் காலரா வாரிக்கொண்டு போனதற்கு அடுத்த ஆண்டு, உங்கள் திருச்சபை இன்று ஏழைகளுக்கு என்ன செய்கிறது என்று சக மாணவர்கள் விவாதத்தில் மடக்கியதால் உறுத்தல் தாங்காமல், 1833 ஏப்ரலில் நண்பர்கள் சிலருடன் இதைத் தொடங்கினார். எந்த வீட்டுக்குப் போவது, போய் என்ன பேசுவது என்று தெரியாத அந்தப் பிள்ளைகளைப் பழக்கியவர் ரோசலி ரெந்து என்ற அருட்சகோதரி.

இருவர் இருவராக வீடு தேடிப் போக வேண்டும் என்ற அன்றைய வழக்கமே இன்றும் எங்கள் வழக்கம். வாரக் கூட்டத்தில் ஒரு துணிப்பை சுற்றி வரும்; மூடிய கையை உள்ளே விட்டு எடுப்பதால், யார் எவ்வளவு போட்டார் என்பது பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. நன்கொடையாளர் பெயரை டியூப்லைட்டில்கூட எழுதிவைக்கும் நம் ஊரில் எனக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று.

எங்களுக்கு ஒதுக்கிய வீடுகளில் ஒன்றில், முப்பது ஆண்டுகளுக்கு மேல் உப்பளத்தில் வேலை பார்த்து, வெயிலும் உப்பின் வெள்ளையும் சேர்ந்து கண்ணைக் கெடுத்துக்கொண்ட ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். முதல் நாள் ஐந்து கிலோ அரிசியை வைத்துவிட்டு எழுந்தோம். அவர் தடவித் தடவி அடுப்பு மூட்டிக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தபோது, சர்க்கரை நோயைச் சொல்லி நான் மறுத்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அரிசிப் பையை எங்கள் பக்கமாக மெல்லத் தள்ளினார். மறுவாரம் அரை தம்ளர் வாங்கிக் குடித்தேன். அதன் பிறகுதான் மகனைப் பற்றியும், மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை நின்றுபோன மாதங்களில் வாங்கிய கடனைப் பற்றியும் பேசத் தொடங்கினார்.

அரிசி கொடுத்து வறுமை தீருமா என்று நீங்கள் கேட்பீர்கள். தீராது. ஓசானாமே பின்னாளில் லியோன் நகரில் வணிகச் சட்டம் கற்பித்தபோது, தொழிலாளியின் கூலி அன்றாடப் பிழைப்புக்கு மட்டுமன்றி, பிள்ளைகளின் படிப்புக்கும் முதுமைக்கும் போதுமானதாக இருக்க வேண்டும் என்று வாதிட்டவர். பாட்டி வாங்கிய கூலியில் அந்த மூன்றாவது பங்கு இருந்திருந்தால், நாங்கள் அரிசிப் பையோடு போகத் தேவையே இருந்திருக்காது.

இப்போது உங்களால் ஆக வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. பாட்டியிடம் பிறப்புச் சான்றும் பள்ளிச் சான்றும் இல்லை. ஆதாரில் வயதைப் பத்தாண்டு குறைத்துப் பதிந்திருக்கிறார்கள். முதியோர் உதவித்தொகை விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. தாலுகா அலுவலகத்திலேயே காலம் கழித்த உங்களுக்கு வழி தெரிந்திருக்கும். கோயிலின் பழைய திருமுழுக்கு (ஞானஸ்நான) பதிவேட்டில் அவர் பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். கிடைத்தால் அதை வயதுச் சான்றாக ஏற்பார்களா என்பதை ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்