பதவியுயர்வுக் கோப்புக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

அன்புடையீர்,

பதவியுயர்வுக்கும் மேற்படிப்புக்கும் விண்ணப்பித்த, வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தினதும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தினதும் பெண் விரிவுரையாளர்கள் சார்பில் உங்களுக்கு மனமார்ந்த நன்றி.

முதலில் நூலகத்தாருக்கு. எங்கள் பெண்களின் பெயர் படுத்தும் பாடு உங்களுக்குத்தான் தெரியும். கலியாணத்துக்கு முன் தகப்பனாரின் முதலெழுத்து, பிறகு கணவரின் பெயர், கடவுச்சீட்டில் இன்னொரு வடிவம். இதனால் ஒரே ஆளின் கட்டுரைகள் ஸ்கோப்பஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் இரண்டு மூன்று பேருடையவை போலப் பிரிந்து கிடக்கும். மேற்கோள்கள் சிதறி, கட்டுரைகளையும் அவற்றுக்குக் கிடைத்த மேற்கோள்களையும் வைத்துக் கணிக்கும் எச்-இன்டெக்ஸ் குறைவாகவே காட்டும். ஒவ்வொருவருடனும் பக்கத்தில் இருந்து ஆய்வாளரைத் தனித்து அடையாளம் காட்டும் 16 இலக்க ஓர்கிட் எண்ணை எடுத்துத் தந்தீர்கள். பழைய பெயர் வடிவங்களையெல்லாம் அதில் சேர்ப்பித்து, பிரிந்த ஸ்கோப்பஸ் பக்கங்களை ஒன்றாக்க விண்ணப்பிக்கவும் காட்டினீர்கள். இரண்டும் இலவசம். செய்து தருகிறோம் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்லி வருகிறோம்.

அடுத்து, பேராசிரியர் பதவியுயர்வுக்குப் புள்ளியிடும் முறையைச் சொல்லும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் 916ஆம் இலக்கச் சுற்றறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் கோப்புகளைத் தாள் தாளாகப் பார்த்த மூத்த பேராசிரியர்களுக்கு. விடுதிப் பொறுப்பு, மாணவர் ஆலோசனை, பாடத்திட்டக் குழு என்று பெண்கள் தலையில் விழும் வேலை கொஞ்சமல்ல. ஆனால் வாய்ச்சொல்லில் ஏற்ற வேலைக்குச் சான்று இல்லை. சான்று இல்லாவிட்டால் புள்ளியும் இல்லை. பீடாதிபதி மாறிய பிறகு பழைய வேலைக்குக் கடிதம் எடுப்பது பெரும்பாடு. பொறுப்பேற்கும்போதே நியமனக் கடிதம், முடிந்த கையோடு உறுதிப்படுத்தும் கடிதம், இரண்டையும் திகதிவாரியாக ஒரே கோப்பில் போடுங்கள் என்றீர்கள். இதை வேலைக்குச் சேரும் அன்றே சொல்லித் தந்தால் எத்தனை பேருடைய உழைப்பு வீணாகாமல் இருக்கும்!

பரிந்துரைக் கடிதம் எழுதித் தந்தவர்களுக்குத் தனி நன்றி. பெண்களுக்கு எழுதும் கடிதங்களில் ‘அமைதியானவர், கடின உழைப்பாளி’ என்பதோடு நின்றுவிடுவது வழக்கம். புலமைப்பரிசில் தெரிவுக் குழுவுக்கு அது போதாது. நீங்களோ எந்த ஆய்வுமுறையில் தேர்ச்சி, எந்தக் கட்டுரையில் எந்தப் பகுதி அவருடையது என்று எழுதினீர்கள். அதற்காக நீங்கள் கேட்டது நியாயமானதே: மூன்று வாரம் முன்னதாகத் தகவல், தன்விவரக் கோவை, ஆய்வு முன்மொழிவின் சுருக்கம், விண்ணப்ப அறிவித்தல். விஞ்ஞானத் துறையினருக்கு, இத்தாலியின் திரியெஸ்தே நகரிலிருந்து இயங்கும், வளர்முக நாடுகளின் பெண் விஞ்ஞானிகளுக்கான அமைப்பான ஓடபிள்யூஎஸ்டியின் உதவித்தொகைகளையும் அறிமுகப்படுத்தினீர்கள்.

கூட்டங்களை மாலையில் வைக்காமல் மதிய இடைவேளையில் வைக்க அறை தந்தவர்களுக்கும், ஒலுவிலில் இருப்பவர்கள் சூமில் சேர ஒலிவாங்கியைச் சரிசெய்து தந்த தொழில்நுட்பத் தம்பிமாருக்கும், இரவிரவாகக் கோப்பு அடுக்கிய நாட்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அம்மம்மாமாருக்கும் எங்கள் அன்பு.

நீங்கள் திருத்தித் தந்த மாதிரிக் கோப்பைப் பெயர்களை நீக்கிப் பிரதியெடுத்திருக்கிறோம். புதிதாகச் சேரும் தகுதிகாண் விரிவுரையாளர்கள் எங்களில் யாரிடமும் கேட்டு வாங்கலாம்.

நன்றியுடன்,
பெண் விரிவுரையாளர்கள்,
வந்தாறுமூலை, ஒலுவில்