ஒரு டம்ளர் தண்ணீர்: கண்காணிப்பாளர் ஐயாவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அரசு மருத்துவமனைக் கண்காணிப்பாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். போன வியாழக்கிழமை உங்கள் குழந்தைகள் வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் இருந்த நாலு வயதுப் பையனின் அப்பா நான். வலது பக்கக் குடலிறக்கம். ஆபரேஷன் நன்றாக நடந்தது. மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டோம். சொல்லச் சொல்லக் கேட்காமல் கட்டிலிலிருந்து குதிக்கிறான். உங்கள் டாக்டர்களுக்கு எங்கள் குடும்பமே கடமைப்பட்டிருக்கிறது. ஒரு பைசா வாங்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் 'ஃப்ரீயா பண்ணிக்கிட்டுப் பேச்சைப் பாரு' என்பார்கள். அன்றைக்கே வாசலில் ஒருவர் சொன்னார்.

கேஸ் ஷீட்டில் 'இரவு 12 மணிக்கு மேல் என்.பி.ஓ.' என்று எழுதியிருந்தது. வாயில் எதுவும் படக்கூடாது, தண்ணீர்கூட. அவனோ ஒன்பது மணிக்கே தூங்கிவிட்டான். காலை ஐந்தரைக்குக் குளிப்பாட்டி, பச்சை அங்கி மாட்டி உட்கார வைத்தோம். லிஸ்டில் மூன்றாவது பெயர். தியேட்டருக்குள் எடுத்தது மதியம் 2.40க்கு. நடுவில், அப்பெண்டிக்ஸ் வெடித்த ஒருவரை அவசரமாகக் கொண்டுவந்தார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நாளைக்கு அந்த ஸ்ட்ரெச்சரில் நான் கிடக்கலாம். ஆனால் நேரமாகும் என்று எங்களிடம் சொல்ல ஒரு ஆள் வரவில்லை. எப்போது கேட்டாலும் 'கூப்பிடுவாங்க' என்பதுதான் பதில்.

பசி என்று அவன் பெரிதாகச் சொல்லவில்லை. தண்ணீர்தான். பத்து மணிவரை அழுதான். அப்புறம் பேரம் பேச ஆரம்பித்தான். "கொப்புளிச்சுத் துப்பிடறேன்ப்பா, முழுங்க மாட்டேன்." சிஸ்டரிடம் கேட்டேன், சரி என்றார். வாஷ்பேசினுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். வாய் நிறைய தண்ணீரை வாங்கிக் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றான். துப்ப மனசே இல்லை. முழுங்குகிறானா என்று பார்க்க அவன் தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு நான் நின்றேன், பெற்ற பிள்ளையிடம் போலீஸ்காரன் மாதிரி. கடைசியில் துப்பினான். கீழுதட்டில் தொங்கிய ஒரு சொட்டை மட்டும் நாக்கை நீட்டி எடுத்துக்கொண்டு, மாட்டிக்கொண்டவன் போல என் முகத்தைப் பார்த்தான்.

ஒரு மணிக்கு டிரிப்ஸ் போட நரம்பு தேடினார்கள். இரண்டு கை, ஒரு கால், நாலு குத்து. "தண்ணியே குடிக்காம இருந்திருக்கான், அதான் நரம்பு கிடைக்கல" என்றார் சிஸ்டர். என்ன பதில் சொல்வது?

தியேட்டர் வாசலில் மயக்க டாக்டர்தான் பொறுமையாக விளக்கினார். மயக்கத்தில் வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும், அதற்குத்தான் இந்தப் பட்டினி. இட்லிக்கும் பசும்பாலுக்கும் 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் போதுமாம். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். ஐரோப்பிய மயக்க மருத்துவர்கள் 2022இல் குழந்தைகளுக்கு அதையும் 1 மணி நேரமாகக் குறைத்துவிட்டார்கள். என் மகன் இருந்தது 17 மணி நேரத்துக்கு மேல். இரண்டு மணி நேரம் அவன் பாதுகாப்புக்கு. மிச்சம் 15 மணி நேரம் யாருக்காக ஐயா?

நான் கேட்பது இவ்வளவுதான். லிஸ்டில் குழந்தைகளை முதலில் போடுங்கள். உத்தேசமாக ஒரு நேரம் சொல்லுங்கள். தள்ளிப்போனால் உடனே ஆளனுப்பிச் சொல்லி, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க விடுங்கள்.

ரேஷன் கடையில் ஒரு கிலோ பருப்பு வாங்கினால், வீடு சேருமுன் போனுக்குக் குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. உங்கள் வார்டு வாசலில் புது டிவி மாட்டியிருக்கிறீர்கள். கை கழுவுவது எப்படி என்று நாள் முழுக்க அதில் ஓடுகிறது. குழாயிலிருந்து தண்ணீர் சலசலவென்று கொட்டுகிறது. என் பையன் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். லிஸ்டில் எத்தனையாவது ஆள் உள்ளே போயிருக்கிறார் என்று அதன் ஓரத்தில் ஒரு வரி போட்டால் ஆகாதா? பேரனைப் பார்க்க வந்த தாத்தாவைத் துரத்த இரண்டு பேர் இருக்கிறார்கள். தாமதம் என்று சொல்லத்தான் ஆளில்லை. சரி, கோபத்தில் எங்கெங்கோ போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்துக் கட்டிலில் மூன்று வயதுப் பெண் குழந்தை. அவளும் எங்களைப் போலவே காத்திருந்தாள். நாலு மணிக்கு, 'இன்னைக்கு இல்லை, அடுத்த வியாழன் வாங்க' என்று சொல்லி பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கச் சொன்னார்கள். அவள் அம்மா நேற்று எனக்கு போன் செய்தார். "அண்ணா, காலையில எந்திரிச்சதும் கொஞ்சம் தண்ணி கொடுக்கலாமா? கேட்டா திட்டுவாங்களோ?" கண்காணிப்பாளரையே கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

வியாழனுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. தயவுசெய்து அதற்குள் வார்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

பணிவுடன்,
ஜன்னலோரக் கட்டில் பையனின் அப்பா