ஐப்பசி மழையும் வீதி கடக்கும் தேரைகளும்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐரோப்பாவில் வசந்தகாலத்தில் தேரைகளை வாகனங்களில் நசியாமல் வாளியில் ஏந்தி வீதி கடத்துவதைப் பார்த்து, இங்கே யாழ்ப்பாணத்திலும் செய்யவேண்டும் என்று இளையவர்கள் சிலர் கேட்கிறார்கள். நல்ல விருப்பம். ஆனால் காலமும் முறையும் வேறு.

அங்கே குளிர்விட்டு, ஈர இரவில் வெப்பம் 5 பாகையைத் தாண்டினால் தேரை புறப்படும். எங்களுக்குக் கணக்கு மழைதான். கோடையில் பதுங்கிக் கிடந்தவை ஐப்பசியின் முதற் பெருமழை இரவிலேயே வெளிக்கிட்டு வயல் வெள்ளத்தை நாடும். அன்று பொழுதுபடும்போது ஆள் நிற்க வேண்டும். விடிந்தபின் கூட்டம் வைத்துப் பயனில்லை.

அங்குள்ளோர் வீதியோரம் அரை மீற்றர் உயரத்துக்குத் தடுப்புக் கட்டி, அடியை மண்ணில் புதைத்து, வாளியை நில மட்டத்துக்குத் தாழ்த்தி வைப்பார்கள். இங்கே அது வேண்டாம். வாளியில் துளையிட்டாலும் வெள்ளம் கீழிருந்தே ஊறி நிரம்பும். தேரை நீந்திக் களைத்துச் சாகும். விரல்நுனியில் ஒட்டுத்தட்டுள்ள மரத்தவளையோ தடுப்பில் ஏறிப் போய்விடும். கையால் தூக்குவதே மேல்.

கையை முதலில் மழைநீரில் கழுவி நனையுங்கள். தவளை தோலாலேயே நீரை உறிஞ்சுவதால் கையிலுள்ள மருந்தும் உள்ளே போகும். டெங்குக் காலமென்று நுளம்புக் களிம்பு பூசிக்கொண்டு வருபவர்தான் பெரிய ஆபத்து. நீளக்கைச் சட்டை போட்டால் போதாதா? தேரை முகம் பார்த்த பக்கத்திலேயே கொண்டுபோய் விடுங்கள், மற்றப் பக்கம் விட்டால் திரும்பவும் வீதிக்குத்தான் வரும். ஒன்றன் முதுகில் ஒன்று இருந்தால் பிரிக்காமல் சோடியாகத் தூக்குங்கள். தோற்பூஞ்சை நோய் பரவக்கூடும், ஆகவே வேறு குளத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். தேரையின் கண்ணுக்குப் பின்னாலுள்ள சுரப்பிப் பால் எரிக்கும். முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள்.

தவளை வரும் இடத்துக்குப் பாம்பும் வரும். முழங்கால் உயரச் சப்பாத்தும் ரோச்சும் இல்லாதவர் வீட்டிலேயே நிற்கட்டும். காங்கேசன்துறை வீதி போன்ற பெருவீதிகளில் இறங்கவே கூடாது. வழுக்கையாற்று வயலோர ஒழுங்கைகள் போதும், அங்கும் இருவர் இருவராக, ஒளிதெறிக்கும் மேலங்கியோடு.

பிரதேச சபைகளுக்கு ஒன்று. மதகுவாயை அடைத்த பிளாஸ்ரிக்கை ஐப்பசிக்கு முன் அகற்றினால் கொஞ்சத் தேரைகளாவது வீதிக்கு அடியால் போகும். செங்குத்துச் சுவர் கொண்ட கொங்கிறீற்று வடிகாலில் விழுந்த தேரை ஏறமாட்டாது. சொரசொரப்பான பலகை ஒன்றைச் சரிவாக இடையிடையே வைத்து, வெள்ளம் இழுக்காமல் மேல்நுனியைக் கட்டிவிடுங்கள்.

இங்ஙனம்,
வாசகர்,
சண்டிலிப்பாய்.